துறைமுகமா, கடையா, பண்ணையா? கால்நடை மருந்தையும் தீனையும் எங்கே கட்டுப்படுத்துவது

கொழும்புத் தமிழர்களில் கால்நடை வளர்ப்பவர்கள் மிகக் குறைவு. வெள்ளவத்தை அடுக்குமாடியிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலும் கோழிக்கூட்டுக்கு எங்கே இடம்? ஆனாலும் பாலும் முட்டையும் கோழி இறைச்சியும் இல்லாத நாள் நம் வீடுகளில் அபூர்வம். அதோடு நம்மில் பலருக்கு ஹட்டன் பக்கத்து லயத்திலோ கிளிநொச்சியிலோ செங்கலடியிலோ மாடு வைத்திருக்கும் சொந்தம் ஒன்று இருக்கும். அவர்கள் மாட்டுக்குப் போடும் ஊசியும் கோழிக்குக் கலக்கும் மருந்துத் தூளும் பெரும்பாலும் கொழும்புக்கு வந்துதான் ஊருக்குப் போகின்றன. ஆகவே இவற்றை அரசு எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பது தலைநகரில் இருக்கும் நமக்கும் வீட்டு விசயம்தான்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தீனின் உற்பத்தி, விற்பனை, விநியோகம் எல்லாவற்றையும் கண்காணிக்க 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டம் இருக்கிறது. தொற்றுநோய்த் தடுப்புக்கும், விலங்குகளையும் கால்நடை மருந்துகளையும் இறக்குமதி செய்வதற்கும் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருக்கிறது. இரண்டையும் நடைமுறைப்படுத்துவது பேராதனையில் தலைமையகம் கொண்ட கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு கால்நடை வளர்ப்பு மாகாண சபைகளின் கைக்கும் போனது. அதனால் சட்டத்தின் பிடி மத்தியில் இருக்கிறது. ஊரில் மாட்டைப் பார்க்கும் மிருக வைத்தியர் பெரும்பாலும் மாகாணத்தின் ஆள்.

குறைவாக இருப்பது ஆளும் காசும். ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதையும் ஒரு மிருக வைத்திய அலுவலகம் சுமக்கிறது. சினைப்படுத்தல், தடுப்பூசி, கன்று ஈனும் நேரத்துச் சிக்கல், மாடு ஏற்றிப்போகச் சான்றிதழ், கணக்கெடுப்பு என்று எல்லாம் அங்கேதான். அந்த ஆட்களிடம் எல்லா இடத்தையும் சோதியுங்கள் என்று சுற்றுநிருபம் அனுப்பினால் எந்த இடமும் உருப்படியாகச் சோதிக்கப்படாது. ஆகவே உண்மையான கேள்வி இது: இருக்கும் கொஞ்ச ஆளையும் பணத்தையும் முதலில் எந்த இடத்தில் போடுவது?

மூன்று இடங்கள் இருக்கின்றன. பொருள் நாட்டுக்குள் நுழையும் துறைமுகம். அது வளர்ப்பவரின் கைக்கு மாறும் கடை. கடைசியாக, பாலும் முட்டையும் இறைச்சியும் வெளியேறும் பண்ணை. மூன்றும் வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். முதல் ரூபாயை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டால் நான் கடையில் வைப்பேன். மற்ற இரண்டையும் பலவீனமாகக் காட்டி இதைச் சொல்லப் போவதில்லை. அவற்றுக்குப் பெரிய பலம் உண்டு, குறிப்பாகத் துறைமுகத்துக்கு.

துறைமுகம்

வாசல் ஒன்று இரண்டுதான், இறக்குமதியாளர்கள் சிலர்தான். சரக்குக்கு ஆவணம் இருக்கும், ஏற்றிய நாட்டின் சுகாதாரச் சான்றிதழ் இருக்கும், மாதிரி எடுத்து முடிவு வரும்வரை கொள்கலனை நிறுத்தி வைக்கலாம். 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருப்பது சோதனையில் தெரிந்து, சரக்கு திருப்பி அனுப்பப்பட்டது இப்படித்தான். அந்த நாட்களிலேயே இரண்டு பவுசர் எண்ணெய் தங்கொட்டுவையில் பிடிபட்டதையும் மறக்கக் கூடாது. வாசலில் ஓட்டை இருந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதுவே சாட்சி.

துறைமுகத்தில் மறிப்பதால் எவ்வளவு நன்மை வரலாம் என்பதற்கு உலகம் காட்டும் உதாரணங்களில் ஒன்று நம் நாட்டுடையது. கிராமங்களில் பீடைகொல்லி குடித்து இறந்தவர்களால் 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தில் நின்றது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொடுத்த அதிகாரத்தை வைத்து, பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தியது. 1995இல் மொனோகுரொட்டோபொஸும் மெத்தமிடோபொஸும், 1998இல் எண்டோசல்பானும், 2008இலிருந்து படிப்படியாகப் பராகுவாட், டைமெத்தோவேட், பென்தியோன் ஆகியவையும் போயின. இருபது வருடத்தில் வீதம் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தது. 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. விளைச்சலும் விழவில்லை, ஏனென்றால் நிறுத்திய ஒவ்வொன்றுக்கும் நஞ்சு குறைந்த மாற்று கடையில் இருந்தது.

கால்நடைப் பக்கம் இதற்கு இணையான உதாரணம் கொலிஸ்டின். வேறு எந்த அன்டிபயோட்டிக்கும் கேட்காத நோயாளிக்கு வைத்தியசாலைகள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதையே பன்றியும் கோழியும் சீக்கிரம் எடை கூட வேண்டும் என்று தீனில் கலந்து வந்தார்கள். கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவுகிறது என்று 2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஆய்வு வெளிவந்தது. 2017 ஏப்ரல் முடிவோடு சீனா தீனில் கலப்பதை நிறுத்தியது. கலவைத் தூளின் உற்பத்தி 2015இல் 27,170 தொன்னாக இருந்தது, 2018இல் 2,497 தொன்னாக இறங்கியது. வைத்தியசாலைக்கு வந்தவர்களில் அந்த மரபணுவைச் சுமந்தவர்கள் 2016இல் 14.3 சதவீதம், 2019இல் 6.3 சதவீதம். இந்தியா 2019 ஜூலையில் உணவு தரும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. ஆகவே குறித்த ஒரு பொருளை வாசலில் நிறுத்துவது வேலை செய்யும். இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

அதே வாசல் தவறாகப் பூட்டப்பட்டால் என்ன நடக்கும் என்பதையும் நாமே அனுபவித்தோம். 2021 மே மாத வர்த்தமானி இரசாயன உரத்தையும் விவசாய இரசாயனங்களையும் ஒரேயடியாக நிறுத்தியது. மாற்று கையில் இல்லை, அவகாசமும் இல்லை. நவம்பரில் அரசு பின்வாங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. நெல்லைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசினார்கள். ஆனால் அநுராதபுரத்திலும் மொனராகலையிலும் சோளம் செய்தவர்களுக்கும் உரம் இல்லை. கோழித் தீனில் பெரும்பங்கு சோளம். சோளம் குறைந்த நேரத்தில் டொலரும் இல்லாமல் போக, தீன் விலை ஏறி, சின்னக் கோழிப் பண்ணைகள் மூடத் தொடங்கின. 2023 ஜனவரியில் வெள்ளை முட்டைக்கு 44 ரூபா, சிவப்புக்கு 46 ரூபா என்று உச்ச விலை விதித்தார்கள். கட்டுப்படியாகாத விலை என்று பண்ணையாளர்கள் சொன்னார்கள். கடைகளில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பல் ஏறி வந்தது. விலைக் கட்டுப்பாட்டை நான்காவது வழியாக இங்கே எடுத்துப் பேசாததற்கு இந்த இரண்டு மாத வரலாறே போதும்.

துறைமுகத்தின் இன்னொரு எல்லை, பொருள் வாசலைக் கடந்த பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நல்ல சோளம் இறங்கும். ஈரக் களஞ்சியத்தில் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். அந்தத் தீனைத் தின்ற மாட்டின் பாலில் அஃப்ளடொக்சினின் ஒரு வடிவம் வரும். பாலுக்கு, சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு விதித்த உச்ச வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் அதன் பத்தில் ஒரு பங்கு. கப்பலில் எடுத்த மாதிரி இதைப் பற்றி எதுவும் சொல்லாது.

மருந்திலும் அப்படியே. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்குளோபெனக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றது என்று தெரிந்ததும் இந்தியா 2006இல் அதன் கால்நடைப் பாவனையைத் தடை செய்தது. ஆனால் மனிதருக்கான அதே ஊசி மருந்து பெரிய போத்தலில் கடையில் கிடைத்தது. மாட்டுக்கு அதையே வாங்கிப் போட்டார்கள். 2015இல் மனிதருக்கான போத்தலை 3 மில்லிலீற்றருக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தும்வரை அந்தக் கதவு திறந்தே கிடந்தது. தடை காகிதத்தில் இருந்தது, போத்தல் கடையில் இருந்தது.

பண்ணை

முடிவில் எண்ண வேண்டியது நம் தட்டுக்கு வருவதைத்தான், ஆகவே அங்கேயே சோதியுங்கள் என்று சொல்வோர் உண்டு. நுகர்வோர் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயமான வாதம். தெமட்டகொடை மாநகரசபைக் கொல்களத்தில் மிருக வைத்தியர் பார்த்துத்தான் இறைச்சி வெளியே வர வேண்டும். காசநோய்க் கட்டியும் ஈரல் புழுவும் கண்ணுக்குத் தெரியும். மருந்து எச்சம் தெரியாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருப்பது கன்னொருவையில், கொழும்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். பௌத்தாலோக மாவத்தையில் கைத்தொழில் தொழினுட்ப நிறுவகத்தில் உணவு எச்சம் பார்க்கும் வசதி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் காசு. முடிவு வருவதற்குள் முட்டை தின்று முடிந்திருக்கும்.

பாலில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. அன்டிபயோட்டிக் எச்சம் இருக்கும் பாலில் யோகட் உறையாது, உறையூற்றும் கிருமியை அது கொன்றுவிடும். ஆகவே பால் தொழிற்சாலைக்குத் தன் சொந்த நட்டமே காவலாக நிற்கிறது. மடிவீக்கத்துக்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலைச் சில நாட்களுக்குச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுவராதே என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் உண்டு. பாலுக்குப் பண்ணைச் சோதனை நல்ல வழி என்று நான் ஒப்புக்கொள்வது இதனால்தான். முட்டைக்கும் கோழி இறைச்சிக்கும் அப்படி இயற்கையாக நிற்கும் காவல் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பண்ணையில் பிடிபடுபவர் சங்கிலியின் கடைசி ஆள். இரண்டு மாடு வைத்திருக்கும் தோட்டத் தொழிலாளியின் பாலில் எச்சம் இருந்தால் அவருடைய பாலை ஊற்றிவிடலாம், தண்டமும் விதிக்கலாம். அந்த மருந்தை, எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று சொல்லாமல் விற்றவருக்கு ஒன்றும் நடக்காது. அது நியாயமும் இல்லை, அடுத்த மாதம் அதே தவறு நடக்காமல் தடுக்கவும் உதவாது.

கடை

கொழும்புக்கு வடக்கே, பிரதான வீதியோரத்தில் ஒரு தீன் கடை. வாசலில் தவிட்டு மூடையும் தேங்காய்ப் புண்ணாக்கு மூடையும் நெஞ்சளவுக்கு அடுக்கியிருக்கும். உள்ளே கண்ணாடி அலுமாரியில் விற்றமின் போத்தல்கள், பூச்சி மருந்து, கல்சியம், நடுவே ஒரு கிலோ வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. மூடி திறந்து நாளாகிவிட்டது, தூள் ஓரங்களில் கட்டிபட்டிருந்தது. சாரத்தோடு ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

“அண்ணே, கோழி பச்சையா கழியுது. நேத்து மூணு செத்துப்போச்சு.”

கடைக்காரர் டப்பாவுக்குள் கிடந்த சிறு கரண்டியால் மஞ்சள் தூளை அள்ளி, பையில் போட்டு, இறப்பர் வளையம் மாட்டினார். “இத தண்ணியில கலந்து மூணு நாள் குடுங்க தம்பி. வேற தண்ணி வைக்க வேணாம்.”

“முட்டையை விக்கலாம்தானே?”

“முட்டைக்கு ஒன்னும் ஆகாது.”

டப்பாவின் லேபிளில், மிகச் சிறிய ஆங்கில எழுத்தில், மனிதர் உண்ணும் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது.

அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. மாலை ஆறு மணிக்கு மிருக வைத்திய அலுவலகம் பூட்டியிருக்கும். அவருடைய கடை திறந்திருக்கும். கோழி சாகிறது என்று வந்தவருக்குக் காது கொடுத்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் மூன்று விசயங்கள் தவறின. தேவையில்லாத இடத்தில் அன்டிபயோட்டிக் போனது. எச்சம் உள்ள முட்டை சந்தைக்குப் போக வழி திறந்தது. மூன்றாவதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. பச்சைக் கழிச்சலோடு கோழி திடீரென்று சாவது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அது வைரசு, எந்த அன்டிபயோட்டிக்கும் அதைத் தொடாது. அந்தப் பகுதிக்கு மிருக வைத்தியர் உடனே போக வேண்டிய செய்தி அது. செய்தி கடை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

கடையை முதலில் வைக்க வேண்டும் என்று நான் சொல்வதன் அடிப்படை இதுதான். மருந்து கை மாறும் இடமும் நோய்ச் செய்தி முதலில் வந்து சேரும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன. துறைமுகத்துக்கு நோய் தெரியாது. பண்ணைச் சோதனைக்கு நோய் தெரியும்போது காலம் கடந்திருக்கும். கடையில் ஒரு பதிவு வைத்தால் இரண்டும் ஒரே வரியில் விழும்: எந்த மருந்து, எவ்வளவு, எந்த விலங்குக்கு, என்ன அறிகுறிக்கு, எந்தக் கிராமத்துக்கு. ஒரே வாரத்தில் ஒரே பக்கத்திலிருந்து பலர் ஒரே அறிகுறி சொல்லி வாங்கினால் மிருக வைத்தியருக்கு அது மணி அடித்த மாதிரி.

2024 ஒக்டோபரை நினைத்துப் பாருங்கள். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முறையாக இலங்கைக்குள் வந்து, மேல் மாகாணத்துப் பன்றிகள் சாகத் தொடங்கின. அந்த மாத முடிவுக்குள் முழு நாடும் ஆபத்து வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மனிதருக்குத் தொற்றாத நோய்தான், ஆனால் பன்றி வைத்திருந்தவருக்கு அது வாழ்வு போன கதை. காய்ச்சல் என்று கண்டதும் எவரும் முதலில் தேடுவது ஊசியைத்தான். அதை யாரிடம் கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியும்.

பதிவு வைப்பது நம் வியாபாரிகளுக்குப் புதிதா? கடன் கொப்பி இல்லாத கடை எது? 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தபோது முடியவே முடியாது என்றார்கள். சில வாரங்களில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர் முதல் எல்லோரும் தொலைபேசியை நீட்டிப் பெற்றோல் அடித்தார்கள். நாடு வங்குரோத்தாகிக் கிடந்த நேரத்தில் அதைச் செய்ய முடிந்த அரசுக்கு, கால்நடை மருந்துக் கடைகளுக்கு ஒரு பதிவு முறை செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை.

மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது அடுத்த படி. மனித மருந்துக்கு பாமசியில் உரிமம் சுவரில் தொங்குகிறது, மருந்தாளர் இருக்க வேண்டும், உணவு மருந்துப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அதே அன்டிபயோட்டிக் குடும்பம் கோழிக்கு என்றால் தவிட்டு மூடைக்குப் பக்கத்தில் கரண்டியால் போகிறது. இங்கே டென்மார்க்கின் அனுபவம் நமக்குப் பாடம். அங்கே மிருக வைத்தியர்களே மருந்தை எழுதி, தாங்களே விற்று வந்தார்கள். 1995இல் அந்த விற்பனையில் அவர்கள் இலாபம் எடுப்பதை அரசு கட்டுப்படுத்தியது. எந்தப் பண்ணைக்கு எவ்வளவு மருந்து போகிறது என்று காட்டும் தேசியப் பதிவை 2000இல் தொடங்கியது. 2010இல் அந்தப் பதிவை வைத்தே, அதிகம் பாவிக்கும் பன்றிப் பண்ணைகளுக்கு எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டியது. பதிவு முதலில், தண்டனை பத்து வருடம் கழித்து. இந்த வரிசைதான் முக்கியம். சீட்டு எழுதுபவரும் விற்பவரும் ஒருவராக இருந்தால் சீட்டு முறை வந்தும் பயனில்லை. நாம் தொடங்கும்போதே அதைப் பிரித்துவிட வேண்டும்.

தீனிலும் இதே நியாயம் செல்லும். பிரித்தானியாவில் பைத்திய மாட்டு நோய் பரவியது, செத்த விலங்கின் இறைச்சியும் எலும்பும் அரைத்த தூளை மாட்டுத் தீனில் கலந்ததால். 1988 ஜூலையில் அதை மாட்டுக்குக் கொடுப்பதைத் தடை செய்தார்கள். ஆனால் பன்றிக்கும் கோழிக்கும் அந்தத் தூள் அனுமதிக்கப்பட்டது. ஒரே ஆலை, ஒரே இயந்திரம், மிச்சம் மாட்டுத் தீனுக்குள் போனது. தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளில் மட்டும் 40,000க்கு மேல் நோய் கண்டன. 1996இல் எல்லா விலங்குத் தீனிலிருந்தும் அதை எடுத்த பிறகுதான் அது முடிவுக்கு வந்தது. கலக்கும் இடத்தைப் பார்க்காத சட்டம் எட்டு வருடத்தை இழந்தது.

கொழும்புக்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. ஹோட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சும் சோறும் கறியும் வாளி வாளியாகப் பன்றிப் பண்ணைகளுக்குப் போகிறது. குப்பைக்குப் போவதை விட நல்லது என்று பலர் நினைக்கிறோம். பன்றிக் காய்ச்சல் வைரசு இறைச்சித் துண்டுகளில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2001இல் பிரித்தானியாவில் ஆறு மில்லியனுக்கு மேற்பட்ட விலங்குகளைக் கொல்ல வைத்த கால்-வாய் நோய், மிச்ச உணவு கொடுத்த ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து தொடங்கியதாகவே விசாரணைகள் சொல்லின. அமெரிக்கச் சட்டம் இறைச்சி கலந்த மிச்ச உணவை 100 பாகையில் 30 நிமிடம் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கச் சொல்கிறது. தீன் சட்டத்தின் கண் மூடையில் இருக்கிறது. வாளியையும் அது பார்க்க வேண்டும். இங்கே கை மாறும் இடம் ஹோட்டலின் பின்வாசல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சமையலறையைப் பார்க்க எப்படியும் அங்கே போகிறார்கள். வாளி எங்கே போகிறது என்று அதே நேரத்தில் எழுதிக்கொள்வது பெரிய வேலை இல்லை.

எதிர்ப்பு வரும், அதில் நியாயமும் உண்டு. சீட்டு கட்டாயமானால் தூரத் தோட்டத்தில் இருப்பவர் என்ன செய்வார்? மாடு படுத்துக் கிடக்கும்போது நகரத்துக்கு பஸ் ஏறி, வைத்தியர் வெளியே போயிருந்தால் திரும்பி வந்து, அடுத்த நாள் மறுபடி போவதா? இதைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் மலையகத்திலும் வன்னியிலும் தோற்றுப்போகும், கள்ளச் சந்தையைத்தான் வளர்க்கும். ஆகவே எல்லா மருந்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கொலிஸ்டின், எண்ரோபுளொக்சசின் குடும்பம், செப்டியோபர் போன்ற புதிய செபலோஸ்போரின்கள் ஆகிய அன்டிபயோட்டிக்குகளை மனிதருக்கு மிக முக்கியமானவை என்று உலக சுகாதார நிறுவனம் தனியே பிரித்திருக்கிறது. கொலிஸ்டினை வாசலிலேயே நிறுத்தலாம், மற்றவற்றுக்குச் சீட்டு கட்டாயம். ஒக்சிடெட்ராசைக்ளின் போன்ற பழைய மருந்துகளைப் பயிற்சி பெற்ற கடைக்காரர் பதிவோடு விற்கட்டும். பூச்சி மருந்து, கல்சியம், விற்றமின் எல்லாம் இப்போதுபோல் தாராளமாகக் கிடைக்கட்டும். சீட்டுக்கு மிருக வைத்தியர் தொலைபேசியில் பேசி, படம் பார்த்து, குறுஞ்செய்தியில் இலக்கம் அனுப்பினால் போதும். மாடு இருக்கும் இடத்துக்குக் கால்நடை போதனாசிரியர் போய்ப் பார்த்து அவருக்குச் சொல்லலாம்.

கடைக்காரரின் பயமும் நியாயமானதே. பதிவு என்றால் அடுத்த நாள் வரிக்காரர் வருவார் என்று நினைப்பார். இந்தப் பதிவை வரிக்குப் பாவிக்க மாட்டோம் என்று முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய்ப் பதிவுதான் மிஞ்சும். முதல் வருடம் தண்டம் வேண்டாம். பயிற்சியும் உரிமமும் இலவசமாகக் கொடுத்து, பதிவு வைப்பவரை மட்டும் பதிவு பெற்ற விற்பனையாளராக அறிவித்தால் போதும். டென்மார்க்கே பத்து வருடம் பொறுத்தது.

நடைமுறைக்கு மேல் மாகாணத்தை முதலில் எடுப்பதையே நான் விரும்புகிறேன். இறக்குமதியாளர்களும் மொத்த வியாபாரிகளும் பெரும்பாலும் இங்கேதான். கொழும்பு மாநகரசபைக்குத் தன் சொந்த மிருக வைத்தியப் பிரிவும் இருக்கிறது. மத்திய திணைக்களம் உரிமத்தைக் கொடுக்கட்டும், மாகாணமும் மாநகரசபையும் கடையைப் பார்க்கட்டும். இருவரில் யார் என்று இழுபறிப்பட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்பதால் அதை ஒரே சுற்றுநிருபத்தில் முடித்துவிட வேண்டும். பண்ணைச் சோதனைக்குக் காசு மிஞ்சினால் அதைக் கொழும்புக் கடைகளில் விற்கும் முட்டையில் போட்டு, முடிவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடலாம். கடைப் பதிவு உண்மையாக வேலை செய்கிறதா என்று அது காட்டிக் கொடுக்கும்.

தமிழ் வாசகர்களாக நாம் வற்புறுத்த வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கால்நடை மருந்தும் லேபிளில் மூன்று விசயங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்: எந்த விலங்குக்குக் கொடுக்கக் கூடாது, எத்தனை நாள் கொடுக்க வேண்டும், நிறுத்திய பிறகு எத்தனை நாளைக்குப் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் விற்கக் கூடாது. இறக்குமதி அனுமதி கொடுக்கும்போதே இதை நிபந்தனையாகச் சேர்க்கலாம். அச்சடித்த ஸ்டிக்கரைக் கொழும்புக் களஞ்சியத்திலேயே ஒட்டி அனுப்பலாம். டப்பாவைத் திறந்து கரண்டியால் பிரித்து விற்பவர், அதே ஸ்டிக்கரை ஒவ்வொரு பையிலும் ஒட்டித்தான் கொடுக்க வேண்டும்.